கேட்கவில்லை

தாயியை வேலையிலிருந்து நீக்கிய கடிதத்தின் நகல் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. ஒன்றரைப் பக்கம், ஆங்கிலம். அதில் ஒரு வரி மட்டும் எனக்குத் தமிழிலேயே மனப்பாடம்: வீட்டார் சொன்னது புரியாதபோதும் மேற்பார்வையாளரிடம் விளக்கம் கேட்கவில்லை. அந்த மேற்பார்வையாளர் நான்தான். தாயி கேட்டார். என் மேசைக்கு எதிரே நின்று, தோள்பையைக்கூடக் கழற்றாமல், தெளிவாகக் கேட்டார். நான் அதை வைத்து ஒரு ஜோக் அடித்தேன்.

இதை எழுதினால் பாவம் கழியும் என்ற எண்ணமெல்லாம் எனக்குக் கிடையாது. எழுதாமல் விட்டால் அந்தக் கடிதத்தில் இருப்பதே நடந்ததாகிவிடும். அதற்காக எழுதுகிறேன்.

நான் கோயம்புத்தூர்க்காரி. நுண்ணுயிரியல் படித்துவிட்டு, கல்யாணமாகி, கணவரின் கணினி வேலைக்குப் பின்னாலேயே புனே வந்து சேர்ந்தவள். வானவடியில் பத்தாவது மாடியில் வீடு. ஒரு ஆராய்ச்சி நிறுவனத்தில் தட்டம்மைக் கண்காணிப்புப் பிரிவில் மேற்பார்வையாளர் வேலை. பெயர்தான் பெரிது, வேலை எளிது. எங்கள் பெண்கள் வீடு வீடாகப் போய், யாருக்காவது காய்ச்சலோடு மேலெல்லாம் சிவப்பாகத் தடித்திருக்கிறதா என்று கேட்பார்கள். இருந்தால் அன்றே சொல்லவேண்டும். ரத்தம் எடுக்க ஒரு ஆள் போவார், சுற்றியுள்ள குழந்தைகளுக்கு ஊசி போட ஒரு குழு போகும். இல்லாவிட்டால் இல்லை என்று சொல்லவேண்டும். திங்கட்கிழமைதோறும் நான் மேலே ஒரு எண் அனுப்புவேன். பூஜ்யம் என்றாலும் அனுப்பியாக வேண்டும். அந்தப் பூஜ்யத்தை நம்பித்தான் மேலே இருப்பவர்கள் அடுத்த வேலையைப் பார்ப்பார்கள்.

தட்டம்மை ஊசியை ஒன்பது மாதம் முடிந்ததும் போடுவார்கள். தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி அதற்கு முன்பே கரையத் தொடங்கிவிடும். நடுவில் ஒன்றிரண்டு மாதம் குழந்தை ஒரு பாதுகாப்பும் இல்லாமல் இருக்கும். ஆனால் ஒரு வட்டாரத்தில் நோய் வந்துவிட்டது என்று தெரிந்தால், ஆறு மாதம் ஆன குழந்தைக்கும் முன்கூட்டியே ஒரு ஊசி போட்டுவிடுவார்கள். தெரிந்தால். தெரிவிப்பதற்குத்தான் எங்களுக்குச் சம்பளம்.

தாயி என்பது பெயர் அல்ல. மராட்டியில் அக்காவை அப்படிக் கூப்பிடுவார்கள், வீட்டுக்கு வரும் சுகாதாரப் பணியாளரையும் அப்படித்தான். நான் சேர்ந்த முதல் நாள், மீசை நரைத்த டிரைவர் "தாயி, தாயி" என்று கூப்பிட்டுக்கொண்டு அவர் பின்னால் ஓடியதைப் பார்த்து, பெற்ற தாய் என்றே நினைத்தேன். அவருக்கு ஐம்பது வயது, என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். தாத்தா வேலூர்ப் பக்கத்திலிருந்து இங்கே புனேயின் கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலைக்கு வேலைக்கு வந்தவர். தாயி பிறந்தது, படித்தது, கட்டிக்கொடுத்தது, விதவையானது எல்லாம் கட்கியில்தான். கொரோனா காலத்தில் நாங்கள் மடிக்கணினிக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தபோது, அவர் செருப்புத் தேயத் தெருத் தெருவாகப் போய் நோயாளிகளை எண்ணியவர். எந்தச் சந்தில் எத்தனை கைக்குழந்தை என்று தாளைப் பார்க்காமல் சொல்வார்.

இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் எனக்கு அவரிடம் பிடித்தது அவருடைய தமிழை வைத்துச் சிரிப்பது.

வீட்டுத் தமிழும் தெரு மராட்டியும் இந்தியும் ஒரே பாத்திரத்தில் கொட்டிக் கிண்டிய தமிழ் அது. "எனக்குப் பசி லாகுது" என்பார். லேட்டாக வந்தால், "மேடம், பஸ் சுட்டுப் போச்சி" என்பார். மராட்டியில் பஸ் கிளம்பிப் போய்விட்டதைச் சொல்லும் சொல் அது. "யாருங் தாயி சுட்டது? போலீசுங்களா?" என்று கேட்பேன். அவருக்கு முதலில் புரியாது. புரிந்ததும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார். நான் மற்றவர்களுக்கு இந்தியில் மொழிபெயர்த்துச் சொல்வேன், ஆபீசே சிரிக்கும். அவருடைய வாசகங்களை என் கைபேசியில் குறித்துவைத்து, கோவையில் இருக்கும் அக்கா, சித்தி பெண்கள் அடங்கிய வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்புவேன். 'இன்றைய முத்து' என்று தலைப்பு வேறு. ஊரை விட்டு வந்தவளுக்குத் தன் தமிழ் சுத்தமாக இருக்கிறது என்று யாராவது சொல்லவேண்டியிருக்கிறது. யாரும் சொல்லாததால், அந்தச் சுத்தம் இல்லாதவரைப் பார்த்துச் சிரித்து நானே சொல்லிக்கொண்டேன். வாய்க்கொழுப்பு என்பதைத் தவிர அதற்கு நல்ல பெயர் இல்லை.

தாயிக்கு என் மீது கோபம் வந்ததே இல்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் செய்தது வேறு. சில மாதத்தில் என்னிடம் தமிழில் பேசுவதையே குறைத்துக்கொண்டார். மராட்டியில் பேசுவார், நான் அரைகுறையாகப் புரிந்துகொள்வேன். என் மராட்டியைப் பார்த்து அவர் ஒரு நாளும் சிரித்ததில்லை.

எங்கள் அடுக்ககத்துக்குப் பின்னால் இன்னொரு அடுக்ககம் எழும்பிக்கொண்டிருந்தது. அதைக் கட்டுகிறவர்களுக்காக வரிசையாகத் தகரக் கொட்டகைகள். பாதிப் பேர் திருவண்ணாமலைப் பக்கத்துத் தமிழர்கள். என் சமையலறை ஜன்னலில் நின்றால் அந்தத் தகரக் கூரைகள் தெரியும். அந்தக் கொட்டகைகளைத் தாயிக்கு ஒதுக்கியது நான். "உங்க ஆளுங்கதானே, பேசிப் பழகுங்க" என்றேன். நிறைந்த ஆபீசில் சொன்னேன், அதற்கும் ஒரு சிரிப்பு கிடைத்தது. உண்மையில் நானே போயிருக்கலாம். லிப்டில் இறங்கிப் பத்து நிமிஷ நடை. புழுதியில் போக எனக்கு விருப்பமில்லை.

நாலாவது கொட்டகையில் ஒரு பெண் குழந்தை. தாயி முதலில் பார்த்தபோது அதற்கு ஆறு மாதம். அவருக்கு அதன் மேல் ஒரு பிரியம் விழுந்துவிட்டது. ஒன்பது மாதம் என்றைக்கு முடிகிறது என்று விரல் விட்டு எண்ணி, அந்தத் தேதியைச் சாக்பீசால் தகரக் கதவில் எழுதிவிட்டு வந்தார். அவர்கள் அழித்துவிடக் கூடாது என்று சுற்றி ஒரு வட்டமும் போட்டார். "சோனுவுக்கு நானே கூட்டிட்டுப் போய் ஊசி போட்டுட்டு வருவன்" என்று டிரைவரிடம் சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்திருக்கிறது. தங்கம் என்று கொஞ்சுவதுபோல அதைச் சோனு என்பார். குழந்தையின் பெயர் அதுவல்ல.

அந்தத் தேதிக்கு ஒரு மாதம் முன்பு பாட்வா வந்தது. மராட்டியர்களின் வருஷப் பிறப்பு. வாசலில் மூங்கில் நட்டு, பட்டுத் துணி கட்டி, மேலே செம்பைக் கவிழ்த்து, வேப்பங்கொத்தும் மாலையும் தொங்கவிடுவார்கள். அந்த வாரம் புனேயில் வேப்பிலை இல்லாத வாசல் குறைவு. சொந்தக்காரர்கள் வருவார்கள், போவார்கள்.

பண்டிகைக்கு மறுநாள் தாயி கொட்டகைகளுக்குப் போனார். மூன்றாவது கொட்டகையின் கதவில் வேப்பிலை செருகியிருந்தது. தாயி அதைப் பாட்வா வேப்பிலை என்று எடுத்துக்கொண்டார். புனேயிலேயே பிறந்து வளர்ந்தவருக்கு அந்த வாரம் வேறெப்படித் தோன்றும்? உள்ளிருந்து ஒரு பெண் வாசலுக்கு வந்து, கதவைப் பாதி மூடிக்கொண்டு நின்று ஏதோ சொல்லி அனுப்பிவிட்டாள்.

மத்தியானம் தாயி நேராக என் மேசைக்கு வந்தார். மறுநாள் வெளியூரிலிருந்து மேலதிகாரிகள் வரப்போகிறார்கள். நான் அவர்களுக்குக் காட்டப் படங்கள் தயாரித்துக்கொண்டிருந்தேன். எங்கள் கண்காணிப்பு எவ்வளவு கறார் என்பதைப் பற்றிய படங்கள்.

"மேடம், ஒரு டவுட்டு," என்றார். வெகு நாளைக்குப் பிறகு தமிழில். "மூணாம் நம்பர் கொட்டாய்ல அந்த பாயி, அம்மா வந்திருக்கு, உள்ள வராதேன்னு சொல்லுது. அப்புறம் அம்மா எறங்கினதும் வான்னு சொல்லுது. எனக்கு பரோபர் புரியல. வந்திருக்கா, இல்ல இன்னும் டிரெய்ன்லேர்ந்து எறங்கலியா?"

தமிழ்நாட்டில் வளர்ந்த எவளுக்கும் அந்த வாக்கியத்தைக் கேட்டதும் விளங்கியிருக்க வேண்டும். அம்மை கண்டால் அம்மை என்று யார் சொல்கிறார்கள்? அம்மா வந்திருக்கிறாள் என்பார்கள். அந்த வீட்டுக்குள் பிறர் நுழையக் கூடாது. அம்மா இறங்கித் தண்ணீர் ஊற்றிய பிறகுதான் வாசல் திறக்கும். எனக்கே ஏழு வயதில் அம்மா வந்திருக்கிறாள். வேப்பிலைப் படுக்கையில் கிடந்து இளநீர் குடித்தவள் நான். இவ்வளவும் என் மண்டைக்குள் இருந்தது. ஆனால் என் காதில் விழுந்தது, சரி என்பதற்கு அவர் சொல்லும் 'பரோபர்' மட்டும்தான். 'கொட்டாய்', பெண்ணைச் சொல்லும் 'பாயி', 'டிரெய்ன்லேர்ந்து' மட்டும்தான். தாயி வாயைத் திறந்தாலே நான் சிரிக்கத் தயாராகிவிடுவேன். அர்த்தத்துக்குக் காத்திருக்கும் பழக்கம் எனக்கு விட்டுப்போயிருந்தது.

"எந்த டிரெயினுன்னு கேட்டீங்களா? டேசனுக்குப் போயி, ஒரு ஆட்டோ புடிச்சு, பெரியம்மாளைப் பத்திரமா எறக்கிக் கூட்டிட்டு வந்து விட்ருங்க தாயி. நம்ம ஆபீசு செலவுல," என்றேன்.

பிறகு வழக்கம்போல் அறைக்கு இந்தியில் சொன்னேன். என் பதிலைத்தான் சொன்னேன், தாயியின் கேள்வியைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்த அறையில் யாருக்காவது உறைத்திருக்கும். இந்திக்காரர்களும் அம்மையை மாதா வந்தாள் என்றுதான் சொல்வார்கள். அந்த அறையில் தமிழ் தெரிந்தவர்கள் நானும் தாயியும் மட்டும். எல்லோரும் சிரித்தார்கள். தாயியும் சிரித்தார், ஆனால் வாயைப் பொத்திக்கொள்ளவில்லை.

"அப்போ காய்ச்சல், தடிப்பு கட்டம் காலி இருக்கு மேடம். அது என்ன போடறது?"

எங்கள் படிவத்தில் ஆம் அல்லது இல்லை போடாவிட்டால் படிவமே செல்லாது.

"இல்லைன்னு போட்டுட்டுப் போங்க," என்றேன், கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

குறிப்புக் கட்டத்தில் அவர் மராட்டியில் எழுதியதைப் பிறகு பார்த்தேன். அம்மா ஊரிலிருந்து வந்திருக்கிறார், பிறகு வரச் சொன்னார்கள். குண்டு குண்டான, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரிக் கையெழுத்து. அன்று சாயங்காலம் கோவைக் குழுவுக்கு 'இன்றைய முத்து' போனது: அம்மா வந்துட்டாங்களாம், ஆனா இன்னும் இறங்கலையாம். திங்கட்கிழமை நான் பூஜ்யம் அனுப்பினேன். அடுத்தடுத்த திங்களும் பூஜ்யம். வந்திருந்த மேலதிகாரிகள் எங்களைப் பாராட்டிவிட்டுப் போனார்கள்.

பதினெட்டாம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. வானவடிக் கொட்டகையிலிருந்து ஒரு குழந்தை, உடம்பெல்லாம் தடிப்பு, நிமோனியா, நேற்றிலிருந்து வலிப்பு. தட்டம்மைதான், சந்தேகமில்லை. எட்டு மாதமும் மூன்று வாரமும். ஊசிக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது.

எங்கள் பெரிய டாக்டர் மராட்டியர், குரலை உயர்த்தாத மனிதர். "மூன்று வாரமாகப் பூஜ்யம் அனுப்பிய இடத்தில் வலிப்பு வரைக்கும் எப்படிப் போனது?" என்று மட்டும் கேட்டார். நான் கொட்டகைக்கு ஓடினேன். புழுதியெல்லாம் அன்றைக்கு நினைவுக்கு வரவில்லை.

நாலாவது கொட்டகை பூட்டியிருந்தது. கதவில் சாக்பீஸ் வட்டமும் தேதியும் அப்படியே இருந்தன. மூன்றாவது கொட்டகையின் கதவில் வேப்பிலை சருகாகத் தொங்கியது. உள்ளே நாலு வயதுப் பையன், முகத்தில் தோல் உரிந்து வெள்ளை வெள்ளையாக, பிஸ்கட் தின்றுகொண்டிருந்தான். அவனுக்கு எதுவும் ஆகவில்லை. இரண்டு கொட்டகைக்கும் நடுவில் சுவர் ஒரே தகரம்.

அவன் அம்மாவிடம், ஏன் எங்கள் ஆளிடம் சொல்லவில்லை என்று அதட்டினேன். ஆமாம், அதட்டினேன்.

"நாங்க அன்னைக்கே சொன்னமே மேடம்," என்றாள் அவள். "அந்தக்கா வந்தப்பவே, அம்மா வந்திருக்காங்க, உள்ள வராதீங்க, எறங்கினப்புறம் தண்ணி ஊத்திட்டுச் சொல்றேன், அப்ப வாங்கன்னு சொல்லித்தான் அனுப்பினேன். வேற எப்பிடி மேடம் சொல்றது? நோவுன்னு வாயால சொல்லலாமா?"

அவள் சொல்லும்போது ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. அதே சொற்கள்தான், தாயி வாயிலிருந்து வந்த அதே சொற்கள். வெளியே வந்து செங்கல் குவியல் மேல் உட்கார்ந்து கைபேசியை எடுத்தேன். கோவைக் குழுவில் பழைய செய்திகளைத் தள்ளித் தள்ளிப் போனேன். 'இன்றைய முத்து' கிடைத்தது. அதன் கீழே சிரிக்கும் மூஞ்சிகள் வரிசையாக. அவற்றுக்கு நடுவில் என் அக்கா எழுதியிருந்தாள்: யாருக்குடி அம்மா வந்திருக்கு? பக்கத்துல சின்னக் குழந்தை இருக்கா, பாரு. நான் செய்தி அனுப்பி ஐந்தே நிமிஷத்தில் எழுதியிருக்கிறாள். அன்றைக்கு நான் சிரிப்புகளை மட்டும் எண்ணிவிட்டுக் கைபேசியை வைத்துவிட்டேன்.

அதை அங்கேயே அழித்தேன். என் கைபேசியிலிருந்து மட்டும்தான் அழிக்க முடிந்தது. அக்காவின் கைபேசியில் இன்னும் இருக்கும்.

இரண்டு நாள் கழித்துப் பெரிய டாக்டர் எங்கள் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார். தாயியின் படிவம் மேசைமேல் இருந்தது. தாயி மராட்டியில் சொன்னார்: "எனக்குப் புரியவில்லை. மேடத்திடம் கேட்டேன்."

டாக்டர் என்னைப் பார்த்தார். யோசிக்க எனக்கு ஒரு முழு நிமிஷம் கொடுத்தார் என்றே நினைவு. அந்த நிமிஷத்தில் நான் குழந்தையைப் பற்றி நினைக்கவில்லை. தாயியைப் பற்றியும் நினைக்கவில்லை. வங்கித் தவணை, மகளின் பள்ளிக்கூடம், என் பெயருக்குப் பக்கத்தில் வரப்போகும் பதவி, இவ்வளவுதான் நினைத்தேன்.

"வீட்டுக்கு விருந்தாளி வந்திருப்பதாகச் சொன்னார். விளக்கம் எதுவும் கேட்கவில்லை," என்றேன் ஆங்கிலத்தில். தாயிக்கு ஆங்கிலம் அவ்வளவாகப் புரியாது. டாக்டர் அதை மராட்டியில் சொன்னார்.

தாயி என் முகத்தையே பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. விடை தெரியாத பிள்ளை வாத்தியாரைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். பிறகு டாக்டரிடம் மெதுவாகச் சொன்னார்: "நான் சரியாகக் கேட்டிருக்க மாட்டேன். என் தமிழ் கச்சா. மேடத்துக்குத் தமிழ் நன்றாகத் தெரியும். நான் ஒழுங்காகக் கேட்டிருந்தால் மேடத்துக்குப் புரியாமல் போயிருக்காது."

அவர் எனக்காக விட்டுக்கொடுத்தார் என்று நினைத்துவிடாதீர்கள். அவர் அதை நம்பினார். நான் மாதக்கணக்காகச் சிரித்துச் சிரித்து நம்பவைத்திருந்தேன். அன்று அது எனக்குக் கைகொடுத்தது.

அன்றே சொல்லி, அன்றே ஊசி போட்டிருந்தால் குழந்தை நோயிலிருந்து தப்பித்திருக்குமா என்று டாக்டரிடம் கேட்டேன். அதற்குள் தொற்றியிருக்கலாம், தொற்றாமலும் இருந்திருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். அந்த 'முடியாது' என்ற சொல்லைக் கட்டிக்கொண்டுதான் நான் இத்தனை நாள் தூங்குகிறேன்.

ஒப்பந்த வேலை என்பதால் தாயிக்கு ஒரு கடிதம் போதுமானதாக இருந்தது. அதை அவரிடம் கொடுக்கும் வேலையும் எனக்கே வந்தது. அடையாள அட்டையையும் குடையையும் மேசைமேல் வைத்துவிட்டு, "சோனு எப்படி இருக்கு மேடம்?" என்று கேட்டார். பிழைத்துக்கொண்டது என்றேன். கையெடுத்துக் கும்பிட்டார். எனக்கா, கடவுளுக்கா என்று தெரியவில்லை.

அடுத்த பயிற்சி வகுப்புக்கு நான் ஒரு படம் தயாரித்தேன். நோய்க்கு மக்கள் சொல்லும் பெயர்கள் என்று தலைப்பு. தமிழ் வரிசையில் 'அம்மா வந்திருக்கிறாள்' என்று போட்டேன். நல்ல வேலை என்று பாராட்டு வந்தது. அதை வாங்கிக்கொண்டேன்.

மூன்று மாதம் கழித்து, மழைக்காலத்தில், அந்தக் குழந்தையைப் பார்த்து ஒரு படிவம் நிரப்பவேண்டியிருந்தது. எடை, உட்காருகிறதா, கூப்பிட்டால் திரும்புகிறதா. யாரையாவது அனுப்பியிருக்கலாம். கொட்டகைக்காரர்களுக்கு என்னைத் தெரியும் என்று டாக்டர் என்னையே போகச் சொன்னார்.

நாலாவது கொட்டகையின் வாசலில், கவிழ்த்த பெயின்ட் டப்பாமேல் தாயி உட்கார்ந்திருந்தார். மடியில் குழந்தை. கட்கியிலிருந்து இரண்டு பஸ் மாறி வாரம் ஒரு முறை வருகிறாராம், குழந்தையின் அம்மா சொன்னாள். அவளுக்கு வேலைக்குப் போக அரை நாள் கிடைக்கிறதாம். சாக்பீஸ் வட்டத்தை மழைத் தண்ணீர் பாதி அழித்திருந்தது.

"பஸ் சுட்டுப் போச்சிடா சோனு, அதான் லேட்டு. கோவமா? பசி லாகுதா?" என்று தாயி குழந்தையிடம் பேசிக்கொண்டிருந்தார். நான் பின்னால் வந்து நின்றதை அவர் கவனிக்கவில்லை. குழந்தை அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தது. நடுவில் அவர் மூக்குக்கண்ணாடியைப் பிடித்து இழுத்தது.

படிவத்தில் உள்ளபடி, குழந்தையின் பார்வைக்கு எட்டாமல் பின்பக்கம் நின்று பலமாகக் கை தட்டினேன். தாயி தூக்கிவாரிப்போட்டுத் திரும்பினார். அடுப்படியிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தாள். மூன்றாவது கொட்டகைப் பையன் வெளியே ஓடிவந்தான். குழந்தை தாயியின் கண்ணாடியை விடவில்லை. இன்னொரு முறை தட்டினேன். பிறகு அதன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன், சுத்தமான தமிழில்.

"கூப்பிட்டா திரும்பறதே இல்ல மேடம்," என்றாள் அம்மா. "பிடிவாதமா இருக்கும்னு நெனச்சேன். காதுல சீழ் வந்துச்சே, அதனாலயா?"

பெரிய ஆஸ்பத்திரியில் காதுக்குப் பரிசோதனை செய்வார்கள், சீட்டு எழுதித் தருகிறேன் என்றேன். படிவத்தில் இல்லை என்று குறித்தேன். இந்த முறை அது சரியான விடை. தாயியின் தமிழைக் கேட்டு இனி ஒரு நாளும் சிரிக்கப்போகாத ஒரே ஆள் அந்தக் குழந்தை என்று தோன்றியது. தோன்றியதும் என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது. இப்போதும் எனக்கு ஒரு முத்து கிடைத்துவிட்டதல்லவா?

சாலை வரை தாயி கூடவே வந்தார். தூறிக்கொண்டிருந்தது. ஆபீஸ் குடையைத் திருப்பிக் கொடுத்துவிட்டதால் சேலைத் தலைப்பைத் தலையில் போட்டிருந்தார். கேட் அருகில் நின்றார்.

"மேடம், ஒண்ணு கேக்கணும். சச் சொல்லுங்க, பொய் வேணாம். நான் கோவிச்சிக்க மாட்டன்."

"சொல்லுங்க தாயி."

"அன்னிக்கி ஆபீஸ்ல, பாட்வாவுக்கு மறுநாள், நான் உங்ககிட்ட கேட்டனா, கேக்கலியா? லெட்டர்ல கேக்கலன்னு போட்டிருக்கு, என் பொண்ணு படிச்சி சொன்னா. எனக்கு கேட்ட மாதிரிதான் யாத் வருது. நீங்க சிரிச்ச மாதிரி கூட ஞாபகம் வருது. ஆனா தினம் யோசிச்சி யோசிச்சி இப்ப அதுவும் பக்கா இல்ல. நான் கேட்டிருந்தா, என் வேலய நான் செஞ்சன். கேக்கலன்னா, சோனுவுக்கு இத பண்ணது நாந்தான். எதுன்னு தெரிஞ்சா போதும் மேடம். வேல வேணாம்."

என் கைப்பையில் கைபேசி இருந்தது. அக்காவுக்கு ஒரு போன் போட்டால் அந்தச் செய்தி தேதியோடும் நேரத்தோடும் திரும்ப வந்துவிடும். தாயி பதிலுக்காகக் காத்து நின்றார். மழை அவர் கண்ணாடியில் புள்ளி புள்ளியாக விழுந்துகொண்டிருந்தது.

"கேக்கலீங்க தாயி," என்றேன்.

'நீங்க' என்று சொல்லவில்லை. 'எனக்கு' என்றும் சொல்லவில்லை. எங்கள் ஊர் மரியாதையோடு அந்த ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு, எப்படி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று நின்றேன். அவர் எப்படி எடுத்துக்கொள்வார் என்று எனக்குத் தெரியும்.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். "பரோபர் மேடம்," என்றார். பிறகு குழந்தையைப் பார்க்கத் திரும்பி நடந்தார்.